42 ஆட்டங்கள், 63 ஆண்டுகள்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)

ஆலையிலும் வயலிலும் நாள் முழுதும் உழைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் இன்று அமெரிக்க நாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறோம். கூலி, பஞ்சப்படி, போனஸ் என்று பேச எவ்வளவோ கிடக்கும்போது பந்தாட்டம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். இதுவும் கூலியின் கதைதான். கூலி வாங்கி ஆடிய மனிதர்கள் இதில் இருக்கிறார்கள். அவர்களை ஆடவைத்து டிக்கட் விற்ற முதலாளிகள் இருக்கிறார்கள். "இவன் நிற்கும் இடத்தில் நான் நிற்கமாட்டேன்" என்று ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியைத் தள்ளிய கொடுமையும் இருக்கிறது. அப்படித் தள்ளியவருக்குப் பிறகு என்ன கிடைத்தது என்பதுதான் நாம் இன்று முக்கியமாகப் பார்க்க வேண்டியது.

அந்த ஆட்டக்காரரின் பெயர் மோஸஸ் பிளீட்வுட் வாக்கர். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில், பெரிய லீக் என்று சொல்லப்படும் முதல்தரப் போட்டிகளில், தாம் கறுப்பர் என்பதை எல்லோரும் அறிய வெளிப்படையாக ஆடிய முதல் மனிதர். (1879ல் வில்லியம் எட்வர்ட் ஒயிட் என்பவர் ஒரே ஒரு ஆட்டம் ஆடியதை ஆராய்ச்சியாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவர் வெள்ளையராகவே கருதப்பட்டு வந்தவர்.) வாக்கர் பெரிய லீகில் ஆடியது ஒரே ஒரு பருவம். 1884ம் ஆண்டில் 42 ஆட்டங்கள். அதே ஆண்டில் அவருடைய தம்பி வெல்டி வாக்கரும் அதே கோஷ்டியில் சில ஆட்டங்கள் ஆடினார். அந்தப் பருவம் முடிந்த பிறகு, பெரிய லீக் மைதானத்தில் இன்னொரு கறுப்பு மனிதர் கால் வைப்பதற்கு 1947ம் ஆண்டு வர வேண்டியிருந்தது. 63 ஆண்டுகள்!

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கறுப்பர் ஆடக்கூடாது என்று அந்தப் பெரிய லீக்குகளின் சட்டப் புத்தகத்தில் ஒரு வரி கூட எழுதப்படவில்லை. எழுதாத சட்டம் 63 ஆண்டுகள் எப்படி நின்றது? யார் கட்டிய சுவர் அது? பார்ப்போம்.

கையே கருவி

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். பேஸ்பால் என்பது கிரிக்கெட்டுக்குப் பங்காளி மாதிரி. ஒருவர் பந்தை எறிவார். அவருக்குப் பிட்சர் என்று பெயர். எதிர்க் கோஷ்டிக்காரர் ஒருவர் உருண்டைக் கட்டையால் அதை அடிக்கப் பார்ப்பார். அடிப்பவருக்குப் பின்னால், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்பது போல, ஒருவர் நின்று பந்தைப் பிடிப்பார். அவர் கேட்சர். நம் வாக்கர் கேட்சர்.

அந்த ஆட்டத்திலேயே கடுமையான வேலை கேட்சருடையதுதான். அன்று 50 அடி தூரத்திலிருந்து பந்து சீறிக்கொண்டு வரும். இந்நாளில் கேட்சருக்குத் தடித்த கையுறை உண்டு, மார்புக் கவசம் உண்டு, முழங்காலுக்குக் கவசம் உண்டு. 1884ல் முகத்துக்குக் கம்பிக்கூடு வந்திருந்தது; மற்றபடி பாதுகாப்பு மிகக் குறைவு. வெறுங்கையால் பிடிக்க வேண்டும். மிஞ்சினால் மெல்லிய தோலுறை ஒன்று. விரல் முறியும், நகம் பெயரும், உள்ளங்கை வீங்கும். கையை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இதை விவரிக்கத் தேவையில்லை.

பிட்சருக்கும் கேட்சருக்கும் இடையே ஒரு பேச்சு நடக்கும், வாயால் அல்ல, சைகையால். அடுத்த பந்து நேராக வர வேண்டுமா, வளைந்து வர வேண்டுமா என்று கேட்சர் சைகை காட்டுவார். பிட்சர் அதைப் பார்த்து எறிவார். என்ன வரப்போகிறது என்று தெரிந்தால்தான் கேட்சர் கையைச் சரியான இடத்தில் வைக்க முடியும். இரண்டு பேர் சேர்ந்து மூட்டை தூக்கும்போது ஒருவர் சொல்லாமல் கையை விட்டால் இன்னொருவர் கதி என்ன? அதே கதிதான் இங்கும். இந்தச் சைகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வருவோம்.

விளையாட்டு வியாபாரமாகிறது

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போரின் முடிவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விலங்கு அறுந்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை. அடிமைகளாயிருந்தவர்கள் பெரும்பாலும் பழைய பண்ணைகளிலேயே வாரத்துக்கும் கூலிக்கும் உழைக்க வேண்டியதாயிற்று. 1877ல் மத்திய அரசு தென் மாநிலங்களிலிருந்து தன் படைப் பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. 1883ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடங்களில் கறுப்பருக்குச் சம உரிமை தந்த 1875ம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாது என்று தள்ளியது. கொடுத்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது.

அதே காலத்தில்தான் பேஸ்பால் பொழுதுபோக்கிலிருந்து வியாபாரமாக மாறியது. 1869ல் சின்சினாட்டி நகரக் கோஷ்டி, எல்லா ஆட்டக்காரருக்கும் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டதாகப் பகிரங்கமாக அறிவித்தது. 1876ல் முதலாளிகள் சேர்ந்து நேஷனல் லீக் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். 1882ல் அதற்குப் போட்டியாக அமெரிக்கன் அசோசியேஷன் என்ற இன்னொரு பெரிய லீக் கிளம்பியது. நேஷனல் லீகில் டிக்கட் 50 சென்ட். புதிய லீகில் 25 சென்ட். ஞாயிற்றுக்கிழமையும் அங்கே ஆட்டம் உண்டு. வாரத்தில் ஒரே நாள் ஓய்வு கிடைத்த தொழிலாளிகள் அந்த மைதானங்களை நிரப்பினார்கள்.

நிறத் தடை எழுத்தில் இல்லை என்று சொன்னோமே, சம்பளம் வராத காலத்தில் அது எழுத்திலேயே இருந்தது. 1867ல் அமெச்சூர் கோஷ்டிகளின் தேசிய அமைப்பு, கறுப்பர் உள்ள கோஷ்டிகளைச் சேர்ப்பதில்லை என்று பகிரங்கமாகவே முடிவு செய்தது. அந்த அமைப்பு மறைந்தது. பின்னால் வந்த முதலாளிகள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே காரியம் நடக்கும் என்று கண்டுகொண்டார்கள்.

லூயிவில் மைதானத்தில்

வாக்கர் 1856 அக்டோபர் 7ல் ஓஹையோ மாநிலத்தில் மவுண்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தெற்கிலிருந்து தப்பியோடி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த ஊர் அது. பிறகு குடும்பம் ஸ்டூபன்வில் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 1835 முதலே கறுப்பு மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட ஓபர்லின் கல்லூரியில் அவர் படித்தார். 1881ல் கல்லூரிக் கோஷ்டியில் ஆடினார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்து அங்கும் ஆடினார்.

1881 ஆகஸ்டில், கிளீவ்லந்து நகரத்துத் தையல் இயந்திரக் கம்பெனி ஒன்றின் கோஷ்டியோடு அவர் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகருக்கு ஆடப் போனார். அடிமை முறை வேரூன்றியிருந்த மாநிலம் அது. உள்ளூர்க் கோஷ்டிக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். வாக்கர் வெளியே உட்கார்த்தப்பட்டார். அவருக்குப் பதிலாகக் கேட்சராக நின்றவரின் கை சீக்கிரமே அடிபட்டுப்போயிற்று. இனி என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். அப்போது வேடிக்கை பார்க்க வந்த கூட்டமே வாக்கரை ஆடவிடுங்கள் என்று கூப்பாடு போட்டது. அவரும் மைதானத்தில் இறங்கிச் சில பந்துகளைப் பிடித்துக் காட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. உடனே உள்ளூர் ஆட்டக்காரர்கள் இருவர் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். வாக்கர் திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று.

கவனியுங்கள், தோழர்களே! டிக்கட் வாங்கி வந்த வெள்ளைக்கார ஜனங்கள் அவரைக் கூப்பிட்டார்கள். தள்ளியவர்கள் அவரோடு ஒரே தொழில் செய்தவர்கள்.

வசூல் பேசிய நாள்

1883ல் வாக்கர் டொலீடோ நகரக் கோஷ்டியில் சேர்ந்தார். அது அப்போது நார்த்வெஸ்டர்ன் லீக் என்ற சிறிய லீகில் இருந்தது. பருவம் துவங்கும் முன்பே, கறுப்பரைத் தடை செய்ய வேண்டும் என்று அந்த லீக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. விவாதத்துக்குப் பின் அது வாபஸ் வாங்கப்பட்டது. அந்த ஆண்டு டொலீடோ முதலிடம் பெற்றது. வாக்கர்தான் அதன் முதன்மைக் கேட்சர்.

அவ்வாண்டு ஆகஸ்ட் 10ல் சிக்காகோ கோஷ்டி டொலீடோவுக்கு ஒரு காட்சி ஆட்டம் ஆட வந்தது. அதன் தலைவர் ஏட்ரியன் ஆன்சன். அன்றைய ஆட்டக்காரர்களில் பெரும் புகழ் பெற்றவர். கறுப்பர் ஆடும் மைதானத்தில் எங்கள் கோஷ்டி ஆடாது என்று அவர் அடம்பிடித்தார். கை வீங்கியிருந்ததால் வாக்கருக்கு அன்று ஓய்வு கொடுப்பதாகத்தான் இருந்தது. ஆன்சனின் பேச்சைக் கேட்டதும் டொலீடோ மானேஜர் சார்லி மார்ட்டன் வாக்கரை ஆட்டக்காரர் பட்டியலில் சேர்த்தார். ஆட மறுத்தால் டிக்கட் வசூலில் உங்கள் பங்கு கிடையாது என்றும் சொல்லிவிட்டார். ஆன்சன் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார்.

பணம் கைவிட்டுப் போகும் என்றதும் கொள்கை பறந்துவிட்டது! உறுதியாக நின்ற ஒரே ஒரு மானேஜரின் முன்னால் அந்தச் சுவர் ஒரு மாலைப்பொழுது கூட நிற்கவில்லை. அது மலை அல்ல, மனிதர் கட்டியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சைகை பார்க்காத பந்து

1884ல் டொலீடோ கோஷ்டி பெரிய லீகான அமெரிக்கன் அசோசியேஷனில் சேர்ந்தது. மே 1ல் வாக்கரின் முதல் ஆட்டம். எங்கே தெரியுமா? மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரை உட்காரவைத்த அதே லூயிவில் நகரில். அன்று அவருக்கு ஆட்டம் சரியாக அமையவில்லை. ஒரு அடி கூட அடிக்கவில்லை; பிடிப்பதில் நான்கு தவறுகள் செய்தார்; கோஷ்டியும் தோற்றது. ஆனாலும் அவர் நிலைத்து நின்றார். அந்தப் பருவத்தில் ஆடிய 42 ஆட்டங்களில் 40 அடிகள் அடித்தார். சராசரி .263. அந்த லீகின் பொதுச் சராசரியை விட அது அதிகம்.

அந்தக் கோஷ்டியின் பிரதான பிட்சர் டோனி முல்லேன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தவர். அந்த ஆண்டு டொலீடோ வென்ற 46 ஆட்டங்களில் 36 அவர் எறிந்து வென்றவை. அப்பேர்ப்பட்ட திறமைசாலி, 35 ஆண்டுகள் கழித்து, 1919ல் ஒரு பத்திரிகைக்குத் தாமே சொன்ன விஷயம் இது. தாம் கண்ட கேட்சர்களிலேயே வாக்கர்தான் சிறந்தவராம். ஆனால் கறுப்பரைத் தமக்குப் பிடிக்காதாம். ஆகவே வாக்கர் காட்டிய சைகையைப் பார்க்காமல் இஷ்டப்படி எறிவாராம். ஒருநாள் வாக்கர் நேரே நடந்து வந்து, "இனி சைகை இல்லாமலே பிடிக்கிறேன்" என்ற கருத்தில் சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு பருவம் முடிய, என்ன வருகிறது என்று தெரியாமலே, எறிந்ததை எல்லாம் பிடித்தாராம்.

வெறுங்கையும் மெல்லிய தோலும்தான் பாதுகாப்பு. பந்து வளையுமா, நேரே வருமா தெரியாது. சொந்தக் கோஷ்டிக்காரனே கண்ணைக் கட்டிவிடுகிறான். அந்த நிலையிலும் ஒருவர் பிடித்தார் என்றால் அது எப்பேர்ப்பட்ட தொழில் திறன்! முல்லேன் சைகையைப் பார்த்து எறிந்திருந்தால் இன்னும் எத்தனை ஆட்டம் வென்றிருப்பார்கள்? பகைமையால் நஷ்டம் வாக்கருக்கு மட்டுமல்ல, முல்லேனுக்கும்தான், கோஷ்டிக்கும்தான்.

அந்தக் கோடையில் பந்து பட்டு வாக்கரின் விலா எலும்பு முறிந்தது. செப்டம்பரில் வர்ஜினியா மாநிலத்து ரிச்மண்ட் நகரிலிருந்து மானேஜர் மார்ட்டனுக்கு ஒரு கடிதம் வந்தது. வாக்கரைக் கூட்டிக்கொண்டு வந்தால் அவரைத் தாக்க 75 பேர் சபதம் எடுத்திருப்பதாக அதில் மிரட்டல். அவர் ரிச்மண்ட் போகவில்லை. காயம் ஆறாததால் அதே மாதத்தில் கோஷ்டியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பருவம் முடிந்ததும் டொலீடோ கோஷ்டியே கலைந்தது. பெரிய லீகில் வாக்கரின் வாழ்வு அத்துடன் முடிந்தது. அவருக்கு வயது 28 கூட நிரம்பவில்லை.

1887: கதவு சாத்தப்படுகிறது

ஆனாலும் அவர் தொழிலை விடவில்லை. சிறிய லீக்குகளில் ஊர் ஊராக ஆடினார். 1887ல் இன்டர்நேஷனல் லீகில் நியூவார்க் கோஷ்டிக்கு வந்தார். அங்கே ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்புப் பிட்சர் எறிய, வாக்கர் பிடித்தார். இப்போது எறிபவர் சைகையைப் பார்த்து எறிந்தார். அந்த ஒரு பருவத்தில் ஸ்டோவி 30க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வென்றார்!

அந்த லீகில் அந்த ஆண்டு வேறு சில கறுப்பு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். சிராக்யூஸ் கோஷ்டியில் ராபர்ட் ஹிக்கின்ஸ் என்ற இளைஞர் பிட்சர். மே மாதத்தில் டொரொன்டோவில் அவர் எறிந்தபோது, சொந்தக் கோஷ்டிக்காரர்களே வேண்டுமென்று பந்தைக் கோட்டைவிட்டார்கள். 28க்கு 8 என்று தோற்றார்கள். சில நாள் கழித்து கோஷ்டிக்குப் போட்டோ எடுக்கப் போனபோது, ஹிக்கின்ஸுடன் உட்காரமாட்டேன் என்று ஒரு வெள்ளை ஆட்டக்காரர் மறுத்தார். பிங்காம்டன் கோஷ்டியின் வெள்ளை ஆட்டக்காரர்கள், பட் பவுலர் என்ற கறுப்பு ஆட்டக்காரருடன் ஆடமாட்டோம் என்று தந்தி கொடுத்தார்கள்.

ஜூலை 14ல் இரண்டு காரியங்கள் நடந்தன. பழைய ஆன்சன் தம் சிக்காகோ கோஷ்டியுடன் நியூவார்க்குக்குக் காட்சி ஆட்டம் ஆட வந்தார். மறுபடியும் அதே அடம். இம்முறை நியூவார்க் பணிந்தது; ஸ்டோவியும் வாக்கரும் ஆடவில்லை. அதே நாளில் பஃபலோ நகரில் லீக் டைரக்டர்கள் கூடினார்கள். கறுப்பு ஆட்டக்காரர்களுடன் இனிப் புதிய ஒப்பந்தம் எதையும் அங்கீகரிப்பதில்லை என்று வாக்களித்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், வெள்ளை ஆட்டக்காரர்கள் பலர் விலகிவிடுவதாகச் சொல்கிறார்கள் என்பது.

ஆட்சேபம் கீழிருந்து, கையெழுத்து மேலிருந்து. எழுதாத சட்டம் அப்படித்தான் உருவாயிற்று. தொழிலாளி கல் கொண்டுவந்து கொடுத்தான்; முதலாளி அடுக்கினான்.

மறு ஆண்டு, 1888ல், வேறொரு லீகும் இதே வழியில் போகப் பார்த்தபோது, தம்பி வெல்டி வாக்கர் அதன் தலைவருக்கு எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்தது. திறமை இல்லை, நடத்தை சரியில்லை, அறிவு இல்லை என்றால் ஒருவரை விலக்குங்கள். நிறத்துக்காக விலக்காதீர்கள் என்பது அவர் வாதம். எளிய வாதம். பதில் சொல்ல முடியாத வாதமும் கூட. அதனால்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

தள்ளியவருக்குக் கிடைத்தது என்ன?

இனி நாம் துவக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

1879லேயே நேஷனல் லீக் முதலாளிகள் இரகசியமாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு கோஷ்டியும் ஐந்து ஆட்டக்காரரைத் தனக்கென்று குறித்து வைத்துக்கொள்ளும். அவர்களை வேறு கோஷ்டி வேலைக்கு எடுக்காது. பின்னர் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரரையும் பிடித்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த முதலாளிக்கே சொந்தம். அவன் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஆட வேண்டும், அல்லது தொழிலையே விட வேண்டும். பண்ணையாள் பண்ணையை விட்டுப் போகக்கூடாது என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வாக்கரின் சைகையைப் பார்க்க மறுத்த டோனி முல்லேனுக்கு என்ன ஆயிற்று? டொலீடோ கலைந்தபின், செயின்ட் லூயிஸ் கோஷ்டிக்கு ஒப்புக்கொண்டிருந்த அவர், சின்சினாட்டியில் கையெழுத்துப் போட்டார். முதலாளிகள் கூடி அவரை 1885ம் ஆண்டு முழுவதும் ஆடவிடாமல் விலக்கி வைத்தார்கள். லீகிலேயே முன்னணிப் பிட்சர் ஓராண்டு வீட்டில் உட்கார்ந்தார்! பின்னால் 1892ல் அவருடைய சம்பளத்தைக் குறைத்தார்கள். கோபித்துக்கொண்டு அவர் வெளியேறினார். முதலாளிகளுக்கு அவருடைய வெள்ளைத் தோல் ஒரு பொருட்டாக இல்லை.

1885ல் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று முதல் தொழிற்சங்கத்தை அமைத்தார்கள். ஜான் மான்ட்கோமரி வார்டு அதன் தலைவர். முதலாளிகள் பதிலுக்கு ஆட்டக்காரரை ஐந்து வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு இவ்வளவுதான் சம்பளம், உச்சவரம்பு 2,500 டாலர் என்று திட்டம் போட்டார்கள். சங்கம் துணிந்து 1890ல் ஆட்டக்காரர்களின் சொந்த லீக் ஒன்றையே நடத்தியது. மிகத் துணிச்சலான போராட்டம் அது. நாம் மதிக்க வேண்டியது. ஆனால் ஒரே பருவத்தில் அது முறிந்தது. அது முறிந்ததற்குப் பணபலம் முதலிய பல காரணங்கள் உண்டு. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுதான். அந்த லீகிலும் ஒரு கறுப்பு ஆட்டக்காரர் கூட இல்லை. வாக்கருக்கும் ஸ்டோவிக்கும் சாத்திய கதவு அங்கும் திறக்கவில்லை. விடுதலை லீக் என்று பெயர் எடுக்க வேண்டியதும் முதலாளிகளின் சுவருக்கு உள்ளேயே நின்றது.

வாக்கரின் பிற்காலம்

வாக்கர் 1889 ஆகஸ்ட் வரை சிராக்யூஸ் கோஷ்டியில் ஆடி, வெளியேற்றப்பட்டார். இன்டர்நேஷனல் லீகில் அவருக்குப் பிறகு 1946 வரை கறுப்பர் யாரும் இல்லை.

1891ல் சிராக்யூஸ் வீதியில் வெள்ளையர் சிலர் அவரை வம்புக்கிழுத்துத் தாக்கினார்கள். கைகலப்பில் அவர் கத்தியால் குத்தியதில் ஒருவர் இறந்தார். கொலை வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர் குற்றவாளியல்ல என்று விடுதலை செய்தது. பின்னர் தபால் இலாகாவில் வேலை பார்த்தார். 1898ல் தபால் திருட்டு வழக்கில் ஓராண்டு சிறை சென்றார். இதையும் மறைக்காமல் சொல்கிறோம். மனிதரை மனிதராகவே பார்க்க வேண்டும். வெளியே வந்தபின் ஓஹையோவில் கேடிஸ் என்ற ஊரில் நாடகக் கொட்டகை நடத்தினார், சினிமாவும் காட்டினார். சினிமாச் சுருள் சம்பந்தமான கருவிகளுக்குப் பேடன்ட் உரிமையும் வாங்கினார்.

1908ல் 47 பக்கத்தில் ஒரு பிரசுரம் வெளியிட்டார். அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழவே முடியாது. கறுப்பர்கள் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போவதே வழி என்பது அவர் அதில் வந்து சேர்ந்த முடிவு. இந்த முடிவை நாம் ஏற்கவில்லை. ஆனால் யார் வாயிலிருந்து இது வந்தது என்று எண்ணிப் பாருங்கள். வெள்ளையரோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஒரே கோஷ்டியில் ஆடியவர், சைகை இல்லாத பந்துகளையும் பொறுமையாகப் பிடித்தவர். அவரையே இப்படி எண்ணவைத்தது எது? கூடவே உழைத்தவர்கள் திருப்பிக்கொண்ட முகம்தான்.

1924 மே 11ல் கிளீவ்லந்து நகரில் அவர் காலமானார். ஸ்டூபன்வில் இடுகாட்டில் அவருடைய சமாதிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு கல் கூட இல்லை.

சுவர் எப்படி விழுந்தது?

தானாக விழவில்லை. கறுப்பு மக்கள் தங்கள் சொந்தக் கோஷ்டிகளையும் லீக்குகளையும் கட்டி, ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தார்கள். அவர்களுடைய பத்திரிகைகள் விடாமல் எழுதின. 1936ல் நியூயார்க் கம்யூனிஸ்டுத் தினசரியான 'டெய்லி ஒர்க்கர்' தன் விளையாட்டுப் பக்கத்தில், அதன் ஆசிரியர் லெஸ்டர் ராட்னியின் பொறுப்பில், நிறத் தடைக்கு எதிராக இயக்கம் துவக்கியது. கையெழுத்துக்கள் திரட்டப்பட்டன. மே தின ஊர்வலங்களில் இந்தக் கோஷம் எழுந்தது. யுத்தம் முடிந்த 1945ல் புரூக்ளின் கோஷ்டி ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு ஆட்டக்காரரை ஒப்பந்தம் செய்தது. 1947 ஏப்ரல் 15ல் அவர் பெரிய லீக் மைதானத்தில் இறங்கினார்.

அப்போதும் அந்தக் கோஷ்டியின் வெள்ளை ஆட்டக்காரர் சிலர், ராபின்சன் வேண்டாம் என்று மனு தயாரித்தார்கள். 1887ன் பழைய தந்தியேதான். ஆனால் இம்முறை எல்லோரும் கையெழுத்திடவில்லை. மறுத்தவர்களில் ஒருவர் பீ வீ ரீஸ். அவர் வளர்ந்த ஊர் எது தெரியுமா? வாக்கரை உட்காரவைத்த லூயிவில்! மனு செத்தது.

இன்னும் ஒரே ஒரு செய்தி. ஆட்டக்காரரை முதலாளிக்குச் சொந்தமாக்கிய அந்த விதி 90 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதை எதிர்த்து 1970ல் வழக்குப் போட்டவர் கர்ட் பிளட். அவர் ஒரு கறுப்பு ஆட்டக்காரர். கேட்காமலே தம்மை வேறு ஊருக்கு மாற்றியதை ஏற்க மறுத்து, 1970ம் ஆண்டுச் சம்பளம் முழுவதையும் இழந்தார். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்திருந்த ஆட்டக்காரர் சங்கம் அவருக்குப் பின்னால் நின்றது. 1972ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தோற்றது. அவருடைய ஆட்ட வாழ்வும் முடிந்தது. ஆனால் சங்கம் விடவில்லை. 1975 டிசம்பரில் நடுவர் தீர்ப்பில் அந்த விதி உடைந்தது. பலன் எல்லா நிறத்தவருக்கும் கிடைத்தது.

தோழர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். கறுப்பரை வெளியே தள்ளிவிட்டு வெள்ளை ஆட்டக்காரர் தனியாக நடத்திய 1890ம் ஆண்டுப் போராட்டம் ஒரு பருவத்தில் முறிந்தது. எல்லோரும் ஒரே சங்கத்தில் நின்றபோது, முதலாளிகளின் பழைய விலங்கு உடைந்தது. முல்லேனைக் கட்டிய கயிறும் அதுதான்; அதை அறுக்கத் தம் வாழ்வைக் கொடுத்தவர் நிறத்தால் வாக்கருக்கு உறவானவர்.

ஓஹையோ மாநிலம் 2017ல் சட்டம் செய்து, வாக்கர் பிறந்த அக்டோபர் 7ம் நாளை அவர் பெயரால் அனுசரிக்கிறது. சமாதிக்கும் இப்போது கல் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை கல்லோடு முடிவதில்லை. பக்கத்தில் நிற்பவன் கை காட்டும்போது அதைப் பார்க்க வேண்டும். பார்த்து அவன் பிடிக்கும்படி எறிய வேண்டும். அவன் கை முறிந்தால் ஆட்டம் நமக்கும் தோல்விதான்.